கோட்டுப்பால் போல ஓர் அருவி

"குளிச்சீங்களா?"

ஊர் திரும்பிய மறுநாள் காலை, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் பசாரில் மீன்கடைக்காரர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி இது. அப்புறம் கோயிலில், கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருந்த நாற்காலி வரிசையில், பக்கத்து வீட்டு வேலியோரத்தில் என்று எங்கே போனாலும் இதே கேள்விதான். குரோவேசியாவுக்கு அருவி பார்க்கப் போய்வந்தோம் என்றால் நம் ஆட்கள் வேறு எதைக் கேட்பார்கள்? லாத்தா கிஞ்சாங் போனாலும் உலு செப்போர் போனாலும் நமக்கு அருவி என்பது குளியல். பொட்டலம் பொட்டலமாக நாசி லெமாக், தண்ணீரில் மிதக்கவிட்ட ஒரு தர்பூசணி, ஈரத் துணியோடு காடியில் ஏறி சீட்டை நாசம் செய்து அப்பாவிடம் வாங்கும் திட்டு.

"குளிக்கல்லாம் விட மாட்டாங்க தம்பி. கால்கூட நனைக்கக் கூடாது."

மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்த கத்தி நின்றது. "அப்புறம் எதுக்குக்கா அவ்வளவு தூரம்?"

அம்மா பதில் சொல்லவில்லை. அரைக் கிலோ கெம்போங் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைத் திட்டினார், சில்லறையை எண்ணி வாங்கவில்லையாம்.

போனது மூன்று பேர். நான், 71 வயது அம்மா, 74 வயது பெரியம்மா. அம்மாவும் பெரியம்மாவும் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் 26 வருடம் பக்கத்துப் பக்கத்து நிரையில் மரம் வெட்டியவர்கள். (ஊருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: 'மரம் வெட்டுறது' என்றால் கோடாரி வேலை இல்லை. உளியால் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது.) அந்தத் தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது, முழுக்கச் செம்பனை. லயம் என்கிற வரிசை வீடுகள் இருந்த இடத்தில் ஒரு மாமரம் மட்டும் நிற்கிறது. அது யார் வீட்டு மாமரம் என்பதில் அக்கா தங்கை இருவருக்கும் இன்றுவரை வழக்கு.

குரோவேசியா என்ற பெயர் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. 2018 உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தை இரவு 11 மணிக்கு மாமாக் சாப்பாட்டுக் கடைத் திரையில் பார்த்த ஊர் இது. கட்டம் போட்ட சட்டைக்காரர்கள் பிரான்சிடம் 4-2 என்று தோற்றபோது, தோற்றவர்களுக்காகத்தான் பாதிக் கடை வருத்தப்பட்டது. அம்மாவுக்கு அது எதுவும் தெரியாது. என் கைத்தொலைபேசியில் வந்த, அந்த நாட்டுப் பிளிட்விட்சே ஏரிகளின் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நெசத் தண்ணியா, கம்ப்யூட்டர்ல கலர் அடிச்சதா?" என்றார். நெசம்தான் என்றேன். "நேர்ல பார்த்தாத்தான் நம்புவேன்" என்றார். அவர் அதைச் சும்மா சொன்னார். நான்தான் மாட்டிக்கொண்டேன்.

மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டாம். 2023 ஜனவரி 1 முதல் அங்கே யூரோதான் பணம். நாங்கள் போன அக்டோபரில் நுழைவுச் சீட்டு 23 யூரோ. அந்த வருடக் கோடையில் அதுவே 40. இஸ்தான்புல் வழியாக ஸாக்ரெப், அங்கிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் பேருந்தில். வளைவு வளைவான சாலை. பெரியம்மா ஒரு பாக்கெட் அசாம் போயை (உப்பும் புளிப்புமான உலர்ந்த பிளம் பழம்) முழுதாகத் தின்று தீர்த்தார். பயணத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. குளிர், முட்டிவலி, பையில் ஒளித்துக் கொண்டுபோன நெத்திலிச் சம்பல் எல்லாம் நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

ஏரிகள் இருக்கும் பூங்காவில் வெவ்வேறு தூரங்களுக்கு வழிகள் பிரித்து எழுத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் எடுத்தது 'எச்' வழி, கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் வயதானவர்களுக்கு அதுதான் நல்லது, ஏனென்றால் ரயில்பெட்டி மாதிரிக் கோத்த ஒரு வண்டி முதலில் உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அப்புறம் தண்ணீர் போகிற திசையிலேயே இறங்கி வரவேண்டியதுதான். பெயர் வைத்த ஏரிகள் மொத்தம் 16. மேலே 12, கீழே 4. ஓர் ஏரி நிறைந்து வழிந்து அடுத்த ஏரியில் விழும், அது நிறைந்து அதற்கடுத்ததில். படிக்கட்டில் குடங்களை வரிசையாக வைத்து மேல் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் எப்படியோ அப்படி.

இருவரும் முதலில் பார்த்தது தண்ணீரை இல்லை, மரங்களை. காடு முழுக்க மஞ்சளும் செம்பும். "இலை கொட்டப்போகுது" என்றார் பெரியம்மா உடனே. பிப்ரவரி, மார்ச்சில் ரப்பர் மரமும் இப்படித்தான் சிவந்து, பழுத்து, ஒரே மூச்சாகக் கொட்டும். அந்த நாட்களில் பால் சுருங்கிப்போகும், சம்பளமும் கூடவே சுருங்கும். ஐரோப்பாவின் இலையுதிர் காலத்தைப் பார்த்ததும் அடகுக்கடை ஞாபகம் வந்த சுற்றுலாப் பயணிகள் அன்றைக்கு அந்தக் காட்டில் நாங்கள் மட்டுமாகத்தான் இருந்திருப்போம்.

உச்சியில் இருக்கும் ஏரியின் பெயர் புரோஷ்சான்ஸ்கோ. அதற்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் மழை பொய்த்து ஊரே வறண்டு கிடந்ததாம். மக்கள் அழுது வேண்ட, அந்தப் பக்கம் வந்த கறுப்பு ராணி மனமிரங்கி நாள்கணக்கில் மழை பெய்வித்தாளாம், அதில் நிறைந்ததாம் இந்த ஏரி. வேண்டுதல் என்ற சொல்லிலிருந்துதான் ஏரிக்குப் பெயர் வந்தது என்பார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா செருப்பைக் கழற்றப் போய், காலில் இருப்பது சப்பாத்து என்று நினைவு வந்து, நின்றபடியே கும்பிட்டார். "கறுப்பா இருந்தாளாம், மழை பெஞ்சாளாம். மாரியாத்தா இல்லாம வேற யாரு?"

இனி தண்ணீர். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லவும் வரவில்லை. பச்சை என்றால் பச்சை இல்லை, நீலம் என்றால் நீலம் இல்லை. வெயில் விழும் சாய்வுக்கும் தண்ணீரில் கரைந்திருப்பதற்கும் தக்கபடி நிறம் மாறும். நடைபாதை என்பது மரத்துண்டுகளை வரிசையாக அடுக்கியது. பல இடங்களில் பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, காலடியிலேயே தண்ணீர் ஓடும். மீன்கள் கூட்டமாகக் கரையோரம் வந்து வாய் பிளந்து நிற்கும், தீனி போடக் கூடாது. அம்மா நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டார். தண்ணீருக்குள் எப்போதோ விழுந்த ஒரு மரம். கிளையெல்லாம் அப்படியே இருக்க, அதன்மேல் வெள்ளையாய், தடிப்பாய் எதுவோ படிந்திருந்தது.

"சுண்ணாம்பு" என்றார் பெரியம்மா.

கேலியாகச் சொல்லவில்லை. வெற்றிலைப் பையைத் திறந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்துக் காட்டினார். டப்பியின் விளிம்பில் நாள்பட்டுக் காய்ந்து இறுகிய ஒரு வெள்ளை வளையம். நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று வரும். "இதேதான் பாரு."

உண்மையில் இதேதான். இரண்டும் கடைசியில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். (எங்கள் ஊரின் பெயரில் உள்ள 'சிப்புட்' என்பது மலாயில் நத்தை. அதன் ஓடும் அதே சரக்கு. ஈப்போ போகும் வழியில் ஒரு பக்கம் வெட்டியெடுத்து வெள்ளை வெளேரென்று நிற்கும் குன்றுகளும் அதே.) பிளிட்விட்சேயைச் சுற்றியுள்ள மலைகள் சுண்ணாம்புப் பாறையும் டோலமைட்டும். மழைநீர் அதற்குள் ஊறி இறங்கும்போது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது. வெளியே வந்து ஏரி விளிம்பில் வழிந்து சிதறும்போது, தண்ணீரிலிருக்கும் கரியமில வாயு காற்றோடு போய்விடுகிறது. வாயு போனதும் தண்ணீரால் அத்தனை சுண்ணாம்பைத் தாங்க முடிவதில்லை, இறக்கி வைத்துவிடுகிறது. எங்கே இறக்கும்? விளிம்பில் வளர்ந்திருக்கும் பாசியின் மேல், அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களின் மேல். பாசியின் அடி கல்லாகிச் சாக, நுனி மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே வளர்கிறது. அந்த நுனியும் பிறகு கல்லாகிறது. அப்படி எழும்பிய அணைகள்தான் ஏரிகளைத் தேக்கி வைத்திருக்கின்றன. யாரும் கட்டாத அணை. அந்தக் கல்லை அவர்கள் ஸெட்ரா என்கிறார்கள். பாசிக்கு இதில் பங்கு உண்டு என்று ஆராய்ந்து சொன்னவர் இவோ பெவாலெக் என்ற தாவரவியல் பேராசிரியர். 1949 ஏப்ரல் 8-ல் இந்த இடம் தேசியப் பூங்கா ஆவதற்கு முன்பிருந்தே இதைக் காப்பாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவர். யுனெஸ்கோ பட்டியலில் 1979-ல் சேர்ந்தது.

இவ்வளவையும் நான் அம்மாவுக்கு விளக்க முயன்றேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோட்டுப்பால்னு சொல்லு."

நான் விழித்தேன். பெரியம்மா சிரித்தார். உளியால் வெட்டிய சாய்ந்த கோட்டின் வழியாகப் பால் இறங்கி, தகரத்தில் சொட்டி, மங்கில் விழும். பால் ஓடி முடிந்த பிறகும் அந்தக் கோட்டில் கொஞ்சம் தங்கும், காய்ந்து இழை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதுதான் கோட்டுப்பால். மறுநாள் விடியற்காலையில் அதை உரித்தெடுத்துவிட்டுத்தான் அடுத்த வெட்டு. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது அதைச் சுருட்டிப் பந்து செய்திருக்கிறேன், தரையில் அடித்தால் ஆள் உயரம் எகிறும். ஓடுகிற பொருள், ஓடிய தடத்திலேயே தன்னில் கொஞ்சத்தை விட்டுப்போவது. பூங்காவின் அறிவிப்புப் பலகையில் முக்கால் பக்கம் எழுதியிருந்ததை அம்மா ஒரு சொல்லில் முடித்துவிட்டார். பொறாமையாகத்தான் இருந்தது.

"வருசத்துக்கு எவ்வளவு வளருமாம்?"

"நல்லா வளர்ற இடத்துல ஒரு சென்டிமீட்டர் மா."

அம்மா வாய்க்குள் கணக்குப் போட்டார். பிறகு இடது முழங்கையின் மேல் வலது கையைச் சாணாக விரித்து வைத்து, அதற்குமேல் இரண்டு விரல் சேர்த்துக்கொண்டார். "நான் மரம் வெட்டுன 26 வருசத்துக்கு இவ்வளவு." அந்தக் கையை எடுக்காமலே கொஞ்ச நேரம் அணையைப் பார்த்தார். அந்த அணைகள் ஆறேழாயிரம் ஆண்டு வேலை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் சாணில் அளந்திருப்பார்.

குளிக்கத் தடை ஏன் என்பதும் அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதாக இல்லை. ஒரு காலத்தில் அங்கே குளிக்க விட்டார்கள், 2006 முதல் முழுத்தடை. இந்தக் கல் வளர்வதற்குத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்கும் மக்கும் பொருளும் கூடினால் படிவது நின்றுபோகும். மேலே தினமும் வரும் ஆயிரக்கணக்கான பேர் மிதித்தால் பாசி என்ன ஆகும்? அம்மா இதைக் கேட்டதும் சொன்னது: "காயம் பட்டுரும்."

காயம் என்பது தோட்டத்தில் பெரிய சொல். பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும். உளி கொஞ்சம் ஆழமாய் இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால் காயம். அன்றைக்குப் பால் என்னவோ கூடுதலாகத்தான் வரும், அதுதான் ஆசை காட்டும். ஆனால் அந்த இடத்தில் புதுப்பட்டை சமமாக வளராது. முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். ஏழெட்டு வருடம் கழித்துப் புதுப்பட்டையில் உளி வைக்க வருகிறவர் அந்த முண்டைப் பார்த்து, எப்போதோ வெட்டியவரைச் சபிப்பார். கங்காணி பின்னாலேயே வந்து ஒவ்வொரு மரமாகக் காயம் பார்ப்பார். அம்மாவுக்கு 26 வருடத்தில் காயத்துக்காகத் திட்டு விழுந்தது மூன்று தடவையாம். பெரியம்மாவுக்கு எத்தனை என்று கேட்டேன். "அவளா? அவளுக்குக் கங்காணி தனியா நோட்டு வெச்சிருந்தாரு" என்றார் அம்மா. பெரியம்மா வாயில் வெற்றிலை, துப்ப இடமில்லை, பதில் சொல்ல முடியவில்லை. அதற்கென்றே நான் கொண்டுபோன பிளாஸ்டிக் பையை நீட்டினேன். அதில் துப்பிவிட்டு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

மேலேரிகள் முடியும் இடத்தில் கோஸ்யாக், எல்லாவற்றிலும் பெரியது, 47 மீட்டர் ஆழம். சத்தமே இல்லாத மின்சாரப் படகில் தாண்டவேண்டும். இந்த ஒரே ஏரி சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்வரை இரண்டு ஏரிகளாக இருந்ததாம். கீழே இருந்த அணை வேகமாக வளர்ந்ததில் தண்ணீர் உயர்ந்து நடு அணையை மூழ்கடித்துவிட்டது, அது இன்னமும் உள்ளே கிடக்கிறது. இரண்டு கிழவிகளும் படகு விளிம்பில் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எதுவும் தெரியவில்லை.

பூங்காவுக்குள் சாலையோரம் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பெரும்பாலோர் பார்க்காமல் போய்விடுகிறார்கள். 1991 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த நேரம். பூங்காவைக் கைப்பற்றியிருந்த செர்பியர்களுக்கும் குரோவேசியப் போலீசுக்கும் இங்கே சண்டை மூண்டது. இரு தரப்பிலும் ஒவ்வொருவர் செத்தார்கள். அதில் யோசிப் யோவிச் என்ற போலீஸ்காரருக்கு 21 வயது. அந்தப் போரில் விழுந்த முதல் குரோவேசியர் அவர்தான். 1995 ஆகஸ்ட் வரை இந்தப் பகுதி குரோவேசியர்கள் கையில் இல்லை. 1992-ல் யுனெஸ்கோ இதை ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலில் வைத்தது, எடுத்தது 1997-ல்.

சுங்கை சிப்புட்காரர்களுக்கு இந்த மாதிரிக் கல்லைத் தாண்டிப்போவது கொஞ்சம் கஷ்டம். 1948 ஜூன் 16-ல் எங்கள் ஊர்த் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டுத்தான் மலாயாவின் அவசரகாலம் பிறந்தது, 1960 வரை இழுத்தது. வரலாற்றுப் புத்தகத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வருவது அந்த ஒரு வரிக்காகத்தான். பெரியம்மா அந்தக் கல்லின் முன்னால் நின்று, சின்ன வயதில் லயத்தைச் சுற்றி முள்கம்பி இருந்ததைச் சொன்னார். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்களாம். ஒரு பிடி சோறுகூட நிரைக்குக் கொண்டுபோக முடியாது. தாத்தா வெறும் வயிற்றோடு போய் மதியம் திரும்புவாராம். நாற்பது வருடமாகப் பெரியம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன், இதை எங்கள் ஊரில் ஒருநாளும் சொன்னதில்லை.

கீழேரிகள் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில். இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, ஈப்போ குகைக்கோயில்களின் பின்பக்கம் மாதிரி. கடைசியில் வெலிக்கி ஸ்லாப், அதாவது பெரிய அருவி, 78 மீட்டர். பிளிட்விட்சா என்ற ஓடை பாறை உச்சியிலிருந்து நேரே குதிக்கிறது. ஏரிகளிலிருந்து வந்த தண்ணீரும் அங்கேதான் அதோடு சேர்கிறது. சேர்ந்து கிளம்பும் ஆற்றின் பெயர் கொரானா. "என்னாது?" என்று பெரியம்மா இரண்டு தடவை கேட்டு, மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

அருவிச் சாரல் முகத்தில் அடித்தது. அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைத் தூக்கிக் காட்டியபடி நின்றார். படம் எடுக்கவா என்று கேட்டதற்குத் தலையாட்டி மறுத்தார். பின்னால் இருந்தவர்கள் வழிகேட்டு நெருக்கும்வரை அசையவில்லை.

திரும்பி வந்து மூன்றாவது ஞாயிறு, உலு செப்போர் போகலாம் என்று அம்மாவே சொன்னார். நாசி லெமாக், தர்பூசணி, துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டோம். பாறை இடுக்கில் யாரோ விட்டுப்போன ஷாம்பு பாக்கெட்டுகள், மெகி உறைகள், ஒற்றைச் சிலிப்பர். அம்மா சட்டை கைலியோடு இடுப்பளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஆனது, எழுந்திருக்கிற வழியாக இல்லை. பையிலிருந்து சோப்பை எடுத்து நீட்டினேன்.

"வேணாம் பாப்பா, உள்ள வெச்சிரு."

"இங்க என்ன பாசியா கல்லாகுது? இங்க குடு" என்று கை நீட்டினார் பெரியம்மா. இரண்டு பேருக்கும் நடுவில் சோப்போடு நின்றுகொண்டிருந்தேன்.